பைக் பயணத்தின் நடுவே பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுவது: முதல் தடவை போகிறவர்களுக்கு

மலை ஏறப் போகிறவருக்கு மலையே எச்சரித்துவிடும். முதல் அரை மணி நேரத்திலேயே மூச்சு வாங்கும், தொடை கடுக்கும், முடியவில்லை என்றால் திரும்பிவிடலாம், இறக்கம்தானே. கேன்யன் என்று சொல்கிற செங்குத்தான ஆற்றுப் பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். காலைக் குளிர்ச்சியில், தெம்பு முழுதாக இருக்கும்போது இறங்குகிறோம், உடம்பு ஒன்றுமே சொல்லாது. சொல்ல ஆரம்பிக்கும்போது அடியில் நிற்போம், வெயில் ஏறியிருக்கும், வந்த வழியெல்லாம் இப்போது ஏற்றம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்வதை இவ்வளவு நேரடியாக வேறெங்கும் பார்க்க முடியாது.

பைக்கில் போனவருக்கு இதற்கு மேல் இன்னொரு பகுதியும் உண்டு. மேலே வந்து சேர்ந்ததும் சாமான் ஏற்றிய கனமான வண்டியை நிமிர்த்தி, நடுங்குகிற காலால் தாங்கி, வளைந்து போகிற சாலையில் ஓட்ட வேண்டும். நடந்து களைத்தவர் உட்கார்ந்துவிடலாம். ஓட்டிக்கொண்டே களைத்தவர் என்ன செய்வார்? அதனால் கீழே எவ்வளவோ சொல்லப்போகிறேன் என்றாலும் எல்லாம் ஒன்றைச் சுற்றித்தான்: நடக்கிற நாளில் வண்டியை எடுக்காதீர்கள்.

முதலில் நாள் கணக்கு

ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குவது போலத் திட்டம் போடுங்கள். முதல் நாள் மதியத்துக்குள் வந்து கூடாரம் அடித்து, நன்றாகத் தண்ணீர் குடித்து, சீக்கிரம் தூங்குங்கள். இரண்டாம் நாள் நடை. மூன்றாம் நாள் காலையில் கிளம்பலாம். "காலையில் 150 கிலோமீட்டர் ஓட்டி வந்து, பத்து மணிக்கு இறங்கி, மாலை அடுத்த ஊருக்குப் போய்விடலாம்" என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். செய்யாதீர்கள். வண்டி ஓட்டும்போது காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்பதே தெரியாது, மணிக்கணக்காக மடங்கியே இருந்த இடுப்பும் முட்டியும் வேறு இறுகியிருக்கும். அந்த நிலையில் செங்குத்து இறக்கத்தில் கால் வைப்பதுதான் பாதிப் பிரச்சினைகளுக்கு ஆரம்பம்.

அடுத்து மணிக்கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றைக்கும் வேலை செய்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஒரு வழி 6 கிலோமீட்டர், 900 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி ஏறத் தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம், உயரத்துக்கு ஒன்றரை மணி, ஆக 2 மணி 42 நிமிடம். இது பழகிய காலுக்கு, நல்ல பாதையில், ஓய்வே எடுக்காமல். புதியவர் இதில் பாதியைக் கூட்டி நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இறங்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் விடிகாலை 5 மணிக்குத் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பினாலும் மேலே வந்து சேரும்போது 11 அல்லது 12 மணி ஆகிவிடும். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்குக்குள் ஏறவே கூடாத நேரம், ஆகவே கோடையில் முதல் தடவை போகிறவர் பாதி ஆழத்தோடு திரும்பிவிடுங்கள். அடியைத் தொடாமல் வருவதில் எந்தக் குறைவும் இல்லை.

தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அமெரிக்காவின் பிளாக் கேன்யன் ஆஃப் த கன்னிசன் தேசியப் பூங்காவில் கன்னிசன் ரூட் என்று ஒன்று இருக்கிறது, ஒரு வழி வெறும் 1.6 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் சுமார் 550 மீட்டர் இறங்குகிறது. மூன்றடி நடந்தால் ஓரடி இறக்கம். ஓரிடத்தில் பிடித்துக்கொள்ள 24 மீட்டர் நீளச் சங்கிலியே கட்டியிருக்கிறார்கள். கிராண்ட் கேன்யனின் பிரைட் ஏஞ்சல் பாதை வேறு மாதிரி, ஆற்றங்கரை முகாம் வரை ஒரு வழி சுமார் 15 கிலோமீட்டர், 1,300 மீட்டருக்கு மேல் ஆழம், பாதை நன்றாகச் செதுக்கியது. அங்கே ஒரே நாளில் ஆற்றைத் தொட்டுத் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. குட்டைப் பாதையில் முட்டி போகும், நீளப் பாதையில் தண்ணீரும் நேரமும் போகும்.

கிளம்புமுன் இரண்டு விசாரிப்புகள். ஒன்று, அனுமதிச் சீட்டு வேண்டுமா, இந்தப் பருவத்தில் பாதை திறந்திருக்கிறதா. கன்னிசன் ரூட்டுக்கு அனுமதி வேண்டும். நமீபியாவின் ஃபிஷ் ரிவர் கேன்யன் நெடுநடையை வெயில் காலத்தில் மூடியே வைத்திருப்பார்கள். இரண்டு, பாதை வந்த வழியே திரும்புகிறதா, வேறெங்கோ போய் முடிகிறதா. கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் சமரியா பள்ளத்தாக்கில் எல்லோரும் மேலே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 16 கிலோமீட்டர் நடந்து கடற்கரைக் கிராமத்தில் முடிப்பார்கள், அங்கிருந்து படகு, பிறகு பேருந்து. வண்டியை மேலே விட்டவர் அதற்குத் திரும்பி வருவது எப்படி என்பதை முந்தைய நாளே முடிவு செய்தாக வேண்டும்.

வண்டியை விட்டுவிட்டுப் போவது

நடையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. ஏழெட்டு மணி நேரம் வண்டி தனியாக நிற்கப் போகிறது, அதில் உங்கள் வீடே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நிறுத்தும் இடம் கெட்டியான தரையாக இருக்க வேண்டும். காலையில் இறுகிக் கிடக்கிற தார் மதிய வெயிலில் இளகும், சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதைந்து வண்டி சாயும், ஆகவே ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல்லோ பலகையோ கட்டாயம். சரிவில் நிறுத்தினால் முன்சக்கரம் மேட்டைப் பார்த்திருக்கட்டும், முதல் கியரில் போட்டுவிடுங்கள், ஸ்டாண்டு இருக்கும் பக்கம் மேடாக இருக்கவே கூடாது. காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள், சூடான சைலன்சர் பட்டுத் தீப்பிடிக்க அதுவே போதும். கிளம்புகிற திசையைப் பார்த்து நிறுத்துவதும் நல்லது, மறுநாள் வலிக்கிற காலோடு வண்டியைப் பின்னால் தள்ள வேண்டியிருக்காது.

சாவி. சில வண்டிகளில் ஹேண்டில் பூட்டுக்கு அடுத்த நிலைக்குச் சாவி போனால் பார்க்கிங் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நான் ஒரு முறை அந்த நிலையில் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டேன், திரும்பி வந்தபோது பேட்டரியில் ஒரு துளி இல்லை, தள்ளிவிட ஆளும் இல்லை, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு வண்டி வந்த பிறகுதான் கிளம்ப முடிந்தது. அதற்குப் பிறகு பூட்டியதும் வண்டிக்குப் பின்னால் போய் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். சாவியைக் கால்சட்டைப் பையில் போடாதீர்கள், கைபேசியை எடுக்கும்போது கூடவே விழும். முதுகுப் பைக்குள் ஜிப் போட்ட சிறு பையில், கொக்கியில் மாட்டி வையுங்கள். மாற்றுச் சாவி கூட வருகிறவரிடம் இருக்கட்டும். ஒரே பையில் இரண்டு சாவியும் இருந்தால் மாற்றுச் சாவி இருந்தும் பயனில்லை.

ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. சைடு பாக்ஸில் இடம் இருந்தால் உள்ளே வைத்துப் பூட்டுங்கள். இல்லையென்றால் மெல்லிய கம்பிக் கயிறு ஒன்றை ஜாக்கெட்டின் கை வழியாகவும் ஹெல்மெட்டின் முகவாய்ப் பகுதி வழியாகவும் விட்டு வண்டியின் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டலாம். ஹெல்மெட்டின் வாய் கீழே பார்த்திருக்கட்டும், மழை பெய்தால் உள்ளே நிறையாது. டேங்க் பையைக் கழற்றி எடுத்துவிடுங்கள். சாப்பாட்டைக் கூடாரத்தில் விடவே கூடாது, அணிலும் எலியும் துணியைக் கடித்துத் துளை போட்டு உள்ளே வரும், காக்கை இனப் பறவைகள் ஜிப்பைக்கூட இழுத்துத் திறக்கும், கரடி உள்ள காடு என்றால் அந்த இடத்து விதி என்னவோ அதன்படிதான் வைக்க வேண்டும். வியர்வை ஊறிய கையுறையையும் உள்ளே வையுங்கள், உப்புக்காக அதையும் கடிக்கிற பிராணிகள் உண்டு. வண்டியில் ஒரு லிட்டர் தண்ணீரைத் தொடாமல் விட்டுப் போங்கள். திரும்பி வரும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

காலும் பையும்

பைக் பூட்ஸில் இறங்காதீர்கள். கணுக்காலை மடங்க விடாமல் பிடிப்பதுதான் அதன் வேலை, இறக்கத்தில் கணுக்கால் மடங்கினால்தான் நடக்கவே முடியும். நடைக்கான காலணியைச் சைடு பாக்ஸின் வெளிப்பக்கம் பட்டையில் கட்டிக்கொண்டு வரலாம், ஆனால் அது ஏற்கெனவே பழகிய காலணியாக இருக்கட்டும். முந்தைய நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நகம் நீளமாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் காலணியின் முன்பக்கத்தில் இடித்து, பள்ளத்தாக்கின் அடிக்குப் போவதற்குள் கறுத்துவிடும். இறங்கும்போது கணுக்கால் அருகில் கயிறை இறுக்கிக் கட்டுங்கள், பாதம் முன்னால் சறுக்காது.

மடக்குகிற கைத்தடி இரண்டு, இது ஆடம்பரம் இல்லை. பைக்காரர்களுக்கு முட்டி மறுநாளும் வேண்டும். இறக்கத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள், ஏற்றத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியோ கையால் பிடித்து இறங்க வேண்டிய பாறையோ வந்தால் தடியை மடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள், பைக் கையுறை அங்கே நன்றாக உதவும்.

தண்ணீர் வெயிலில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை போகும், முழு நாள் நடைக்கு நான்கு லிட்டருக்குக் குறைந்து கிளம்பாதீர்கள். கூடவே உப்பும் வேண்டும், உப்புக்கடலை, பிஸ்கட், உப்புக்கரைசல் பொடி எது கிடைத்தாலும் சரி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் நடந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எல்லாம் வரும், பார்ப்பதற்கு வெயில் தாக்கியது போலவே இருக்கும், அப்போது இன்னும் தண்ணீர் கொடுத்தால் இன்னும் மோசமாகும். கீழே ஆறு ஓடுகிறதே என்று நம்பி இறங்குவதாக இருந்தால் வடிகட்டி வேண்டும், கலங்கல் தண்ணீர் வடிகட்டியை அடைத்துவிடும், பாத்திரத்தில் பிடித்துத் தெளிய வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

மீதி எல்லாம் சிறியவை. தலைவிளக்கு, விசில், தொப்பி, ஒட்டுத்துணி, ஒரு மெல்லிய மேல்சட்டை. கைபேசியில் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் உயரமான சுவர்களுக்கு நடுவே இடம் தவறிக் காட்டலாம். தனியாகப் போகிறீர்கள் என்றால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிக்குச் செலவு செய்யலாம். எப்படிப் போனாலும் யாரிடமாவது பாதையின் பெயரையும், "மாலை ஐந்து மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடு" என்று ஒரு எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இறக்கம்

மெதுவாக, குட்டை அடியாக, முட்டியைக் கொஞ்சம் மடித்தபடி. குதிகாலை நீட்டி ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் சறுக்கும், உடம்பு எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். உதிரிக்கல் சரிவில் ஒருவர் இறங்கி ஓரமாக ஒதுங்கிய பிறகுதான் அடுத்தவர் இறங்க வேண்டும். ஒரே கோட்டில் மேலும் கீழுமாக நிற்காதீர்கள். கல் உருண்டால் "கல்! கல்!" என்று சத்தமாகக் கத்துங்கள், கூச்சப்பட வேண்டாம், கீழே முன்பின் தெரியாதவர் இருந்தாலும் கத்துங்கள்.

பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று திரும்பிப் பாருங்கள். ஏறி வரும்போது கண்ணில் படப்போவது அந்தக் காட்சிதான், இறங்கும்போது பார்த்தது அல்ல. பள்ளத்தாக்கில் ஓடைப் பிளவுகள் ஒன்று போலவே இருக்கும், தவறான பிளவில் 100 மீட்டர் ஏறி முட்டிக்கொண்டு திரும்புவது தண்ணீரையும் மனதையும் சேர்த்துக் குடித்துவிடும். நான் திரும்பிய திசையில் கைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்வேன்.

இறங்க இறங்கச் சூடு ஏறும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரைகூட. விளிம்பில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற அதே நாளில் அடியில் 40 டிகிரி இருப்பது நடக்கிற விஷயம்தான். திரும்பும் நேரத்தை எங்கே இருக்கிறோம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கடிகாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இருக்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குவதற்கு, இரண்டு பங்கு ஏறுவதற்கு. தண்ணீரும் அப்படித்தான், மூன்றில் ஒரு பங்கு காலியானதும் எந்த வளைவில் இருந்தாலும் திரும்புங்கள். இன்னும் ஒரே ஒரு வளைவு என்று தோன்றும்போது கூட வருகிறவர் திரும்பலாம் என்றால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

அடியில்

நிழலில் உட்காருங்கள், காலணியையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தை உலர விடுங்கள், சாப்பிடுங்கள். ஆற்றில் நீந்த ஆசை வரும், தெரியாத ஆற்றின் இழுப்பை நம்ப வேண்டாம், ஓரத்தில் சட்டையையும் தொப்பியையும் நனைத்துப் போட்டுக்கொண்டாலே போதும்.

குறுகலான பள்ளத்தாக்கு என்றால் வெள்ளத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள், மழை பெய்தது அவர்கள் நின்ற இடத்தில் அல்ல, பல கிலோமீட்டர் தள்ளி மேற்பகுதியில். ஆகவே தலைக்கு மேல் நீல வானம் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆறு வருகிற திசையில் மழைக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று முந்தைய இரவே பாருங்கள், இருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், தூரத்தில் இரைச்சல் கேட்டால், ஆற்றோடு ஓடாமல் உடனே பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். பையை விட்டுவிட்டுப் போனாலும் சரி.

ஏற்றம்

பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். செங்குத்தான இடத்தில் ஒவ்வொரு அடியிலும் பின்காலை நேராக்கி, எடையை ஒரு நொடி அதன்மேல் நிறுத்தி, அப்புறம் அடுத்த அடி. பார்க்க ஆமை நடை போல இருக்கும், ஆனால் நின்று நின்று ஓடுகிறவரை இதுவே முந்தும். அரை மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் உட்கார்ந்து காலை உயர்த்தி வையுங்கள், பசிக்காவிட்டாலும் ஒரு வாய் உப்புள்ளதாக ஏதாவது சாப்பிடுங்கள்.

தலை சுற்றல், குமட்டல், அளவுக்கு மீறிய வியர்வை என்றால் நிழலில் நிறுத்தி, துணியை நனைத்து, விசிறி, சூடு தணியும் வரை இருங்கள், மாலை ஆனாலும் பரவாயில்லை, தலைவிளக்கு அதற்குத்தான். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசினாலோ அது உயிருக்கே ஆபத்தான நிலை, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே உதவி கூப்பிட வேண்டும். விசிலில் ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு. இது மலைப்பகுதிகளில் பலருக்கும் தெரிந்த அழைப்பு.

மேலே வந்த பிறகு

கூடாரம் நடந்து போகிற தூரத்தில் இருந்தால் நல்லது, வண்டியைத் தொட வேண்டியதே இல்லை, தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள். கூடாரம் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்து ஓட்டியே ஆக வேண்டும் என்றால், முதலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். விட்டுப் போன தண்ணீரைக் குடித்து, சாப்பிட்டு, உலர்ந்த காலுறை மாட்டிக்கொண்டு, பிறகு ஒரு சோதனை: வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து நொடி நில்லுங்கள், முட்டி நடுங்காமல் பாதி மடித்து நிமிருங்கள், இரண்டு காலிலும். நடுங்குகிறது என்றால் சிக்னலிலோ சரளையிலோ வண்டி சாயும்போது அந்தக் கால் தாங்காது. இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தடி பிடித்த கையில் கிளட்ச் இழுக்கும்போது பிடிப்பு வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இறக்கத்தால் வருகிற தொடை வலி அன்றைக்கு அதிகம் தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். அதனால் மூன்றாம் நாளின் ஓட்டத்தையும் குறைவாகவே வையுங்கள். அன்று காலை ஏறி உட்காருமுன் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள், காலைத் தூக்கி இருக்கையைத் தாண்டிப் போடுவதே கடினமாக இருக்கும், சாமான் மூட்டை பின்னால் உயரமாக இருந்தால் கால் அதில் இடித்து வண்டியோடு சாய்ந்துவிடலாம். இடது ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்று காலைப் போடுவது சிலருக்குச் சுலபம், ஆனால் சைடு ஸ்டாண்டு அந்த எடையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். முதல் சில கிலோமீட்டர் காலியான சாலையில் மெதுவாகப் போய், பின்பிரேக்கை நான்கைந்து முறை மிதித்துப் பாருங்கள். பாதம் சொன்னபடி கேட்டால் தொடர்ந்து போகலாம். இல்லையென்றால் திரும்பி வந்து அதே இடத்தில் இன்னொரு இரவு தங்குங்கள், கூடாரத்தைத்தான் கையோடு கொண்டு வந்திருக்கிறீர்களே.